54 என்றால் எத்தனை?

பினாங்கு ஜெலுத்தோங்கில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில், அவள் வீட்டு வாசலில் ஒரு நீல நிறச் சைக்கிள் இரண்டு வருடமாகச் சங்கிலி போட்டபடி நின்றது. நான்தான் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிய புதிதில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கடலோரப் பாதையில் குவீன்ஸ்பே வரை ஓட்டினாள். அப்புறம் ஒரு வாரம் வெயில், ஒரு வாரம் கோயில், ஒரு வாரம் பிள்ளைக்குப் பரீட்சை. ஆர்வம் குறைந்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். போன வருடக் கடைசியில் ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள்: "ஓட்டப் புடிக்காம இல்ல தம்பி. அதுல உக்காந்தா எதையோ எட்டிப் புடிக்கப் போற மாதிரியே இருக்கு. வீட்டுக்கு வந்தா ராத்திரி முழுக்க தோள்பட்ட வலி."

அந்த வலி எனக்குத் தெரியும். எனக்கு வந்து, காரணம் தெரிந்து, சரியும் செய்துகொண்ட வலி அது. இருந்தும் அக்காவுக்கு வாங்கும்போது, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபில் ஒட்டியிருந்த 'எஸ்' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அவள் உயரம் 155 செ.மீ., கடைக்காரர் எஸ் போதும் என்றார், முடிந்தது கதை. அன்று இரவு அதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். நம்மில் எத்தனை பேர் வீட்டு வாசலில் இப்படி ஒரு சைக்கிள் நிற்கிறது! ஓட்டுபவரின் சோம்பேறித்தனம் என்று நாம் நினைப்பதில் பாதி, பிரேம் அளவின் தப்பு.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் உயரம் 170. சில வருடம் முன்னால் நண்பர் ஒருவரின் சைக்கிளை வாங்கி தஞ்சோங் பூங்காவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நீண்ட தூரம் நிதானமாக ஓட்டுவதற்கென்று செய்த ரக சாலை சைக்கிள் அது, அளவு 54. சுகமாக இருந்தது. 'சரி, நான் 54' என்று மனதில் பதிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து வேறொரு பிராண்டின் பந்தய சைக்கிள் பழையதாக விலைக்கு வந்தது. அதுவும் 54. ஓட்டிக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்து எடுத்துவந்தேன்.

தீவைச் சுற்றி வரும் பாதை பினாங்கில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பத்து ஃபெரிங்கி வரை கடற்கரையை ஒட்டிச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், தெலுக் பஹாங் தாண்டியதும் தித்தி கெராவாங் வழியாக மலை ஏற்றம், பிறகு பாலிக் புலாவ் நோக்கி இறக்கம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் என் இரண்டு கைகளிலும் சுண்டு விரலும் மோதிர விரலும் உணர்வில்லாமல் மரத்துப் போயிருந்தன. உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் நரம்பு நசுங்கினால் அப்படித்தான் ஆகும். உடம்பின் பாரம் முழுக்கக் கையில் விழுந்திருக்கிறது. ஹேண்டிலைப் பிரேமோடு இணைக்கும் துண்டான ஸ்டெம்மை 100 மி.மீட்டரிலிருந்து 70க்கு மாற்றிப் பார்த்தேன். கைக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஹேண்டில் தொட்டாலே திரும்புகிற மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் 700 வெள்ளி நஷ்டத்துக்கு விற்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரே 54 எப்படி ஒன்றில் சுகமாகவும் மற்றதில் வேதனையாகவும் இருக்கும்?

54 என்பது அளவே இல்லை. அது ஒரு பெயர்.

ஒரு காலத்தில் அளவாக இருந்தது உண்மைதான். மேலே போகிற பார் தரைக்கு இணையாக நேராகப் போன காலத்தில், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட் டியூப் வழியாகச் சென்டிமீட்டரில் அளந்தால் கிடைக்கும் நீளம்தான் பிரேம் அளவு. அதிலும் அப்போதே குழப்பம் இருந்தது. பார் வந்து சேரும் இடத்தின் நடுவரை அளப்பவர்கள் ஒரு பக்கம், சீட் டியூபின் உச்சிவரை அளப்பவர்கள் ஒரு பக்கம். ஒரே பிரேமுக்கு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு எண். வாங்குபவருக்கு எந்த முறை என்று யாரும் சொல்வதில்லை.

1990களின் பிற்பகுதியில் தைவானின் ஜயண்ட் நிறுவனம் டிசிஆர் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் மைக் பரோஸ் என்ற ஆங்கிலேயர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்றாரே, அந்த லோட்டஸ் சைக்கிளுக்குப் பின்னால் இருந்தவரும் இவர்தான். டிசிஆரில் பாரைப் பின்பக்கம் சரிய விட்டார். பிரேம் சிறுத்தது, எடை குறைந்தது, சீட் மாட்டும் கம்பியான சீட் போஸ்டை நிறைய ஏற்றி இறக்க இடம் கிடைத்தது. சட்டை மாதிரி எஸ், எம், எல் என்று சில அளவுகள் செய்தாலே பலருக்குப் பொருத்திவிடலாம் என்றார்கள். மற்ற பிராண்டுகளும் பாரைச் சரித்தன. ஆனால் பல பிராண்டுகள் பழைய எண்ணை விடவில்லை. பார் நேராக இருந்திருந்தால் சீட் டியூப் எவ்வளவு நீளம் இருந்திருக்குமோ, அந்தக் கற்பனை நீளத்தை ஒட்டி 54, 56 என்று அச்சடித்தார்கள். இன்று 56 என்று எழுதிய சைக்கிளின் சீட் டியூபில் டேப்பை வைத்து அளந்தால் பெரும்பாலும் 56 கிடைக்காது. இத்தாலியின் கொல்நாகோ, சரிந்த பிரேம்களுக்குத் தனியாக 50எஸ், 52எஸ் என்று வைத்தது. அந்த 52எஸ், மற்றவர்களின் 56க்குப் பக்கத்தில் வரும். ஜெர்மனியின் கேன்யன் அல்டிமேட்டில் எம் எடுத்தாலும் மற்றவர்களின் 56க்கு அருகில்தான் போய் நிற்போம். ஜயண்ட் டிசிஆரின் எம்மோ 54க்குச் சமம். எம் என்பதை மட்டும் நம்பி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு முழு அளவு தவறிப்போகும்.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? ஸ்டேக், ரீச் என்ற இரண்டு எண்களை வைத்து. இந்த முறையைப் பரப்பியதில் அமெரிக்காவின் டான் எம்ஃபீல்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கான சைக்கிள் உலகத்து ஆள். பெடல் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஹேண்டில் மாட்டும் குழாயான ஹெட் டியூபின் உச்சி அந்த அச்சைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது ஸ்டேக். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அது ரீச். சீட் எங்கே இருக்கிறது, பார் சரிகிறதா, சீட் டியூப் நீளமா குட்டையா, எதுவும் இதில் தலையிடாது. நம் கை எவ்வளவு தூரம் போக வேண்டும், முதுகு எவ்வளவு குனிய வேண்டும் என்பதை இந்த இரண்டும் சொல்லிவிடும்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு சைக்கிளை எடுத்துப் பார்ப்போம். டிரெக் டொமானி 2020இல் மாறிய வடிவத்தில் 54: ஸ்டேக் 575 மி.மீ., ரீச் 374. அதே டிரெக்கின் எமோண்டா 2021 வடிவத்தில் 54: ஸ்டேக் 541, ரீச் 386. பெயர் ஒன்றுதான். ஒன்று உட்கார்ந்து ஊர் பார்க்க, இன்னொன்று குனிந்து ஏற. ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7இன் 54 பார்த்தால் 544, 384. டிசிஆர் எம் 2021இல் 545, 388. எமோண்டா, டார்மாக், டிசிஆர் மூன்றும் அண்ணன் தம்பிகள். டொமானிதான் வேறு வீடு. பிராண்டைவிட சைக்கிளின் வகை பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கிறது. இது புரிந்தபோதுதான் என் இரண்டு 54களின் மர்மமும் விலகியது.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ரீச்சை மட்டும் தனியாக ஒப்பிடக் கூடாது. ஹெட் டியூப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சாலை சைக்கிளில் சுமார் 73 பாகை. அதனால் ஸ்டெம்முக்கு அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் என்ற வளையம் போட்டு ஹேண்டிலை உயர்த்தினால், ஹேண்டில் மேலே மட்டும் போவதில்லை, நம் பக்கமாகவும் ஏறக்குறைய 3 மி.மீ. வருகிறது. இப்போது எமோண்டாவை டொமானி உயரத்துக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். 34 மி.மீ. உயர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் ரீச் 10 மி.மீ. குறைந்து 376 ஆகிவிடும். டொமானியின் 374க்கும் அதற்கும் இரண்டே மி.மீ. வித்தியாசம்! ஆக, டொமானி குட்டையான சைக்கிள் இல்லை, உயரமான சைக்கிள். என் பந்தய சைக்கிளில் நான் ஸ்டெம்மைக் குட்டையாக்கியது தப்பான வைத்தியம். எனக்குத் தேவைப்பட்டது உயரம். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் கார்பனாக இருந்தால் ஸ்பேசரை இஷ்டத்துக்கு அடுக்கவும் கூடாது, நிறுவனம் சொல்லும் வரம்புக்குள்தான் போட வேண்டும். ஆகவே அந்தப் பிரேமே எனக்கு வேண்டாத பிரேம்.

டாப் டியூப், அதாவது அந்த மேல் பாரின் நீளத்தை வைத்து ஒப்பிடுபவர்களும் உண்டு. சீட் டியூபின் சாய்வு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது சரி. 73 பாகை ஒன்று, 74 பாகை ஒன்று என்றால் கணக்கு தவறும். சீட் உயரம் 70 செ.மீ. வைத்துப் பார்த்தால் ஒரு பாகைக்கு சீட் 12 மி.மீ. முன்னால் நகர்கிறது. முட்டிக்கும் பெடலுக்கும் உள்ள உறவு கெடாமலிருக்க அந்த 12ஐயும் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி ஈடுகட்டுவோம். உடனே ஹேண்டில் அந்த அளவு தூரமாகிவிடும். சின்ன அளவு பிரேம்களில் இதைக் கவனிக்கவே வேண்டும். முன்சக்கரம் கால்விரலில் இடிக்காமலிருக்க முன்பக்கத்தை அதிகம் குறைக்க முடியாது. எனவே சீட் டியூபை நிமிர்த்தி, நிறுவனத்தின் அளவுத் தாளில் டாப் டியூப் குட்டையாகத் தெரியும்படி செய்வார்கள். ரீச் அப்படியே இருக்கும். குள்ளமானவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதில்தான் ஏமாறுகிறார்கள். ஜார்ஜீனா டெர்ரி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1980களிலேயே இதற்கு வழி கண்டார்: முன்சக்கரத்தை 24 அங்குலமாகச் சிறிதாக்கி, பிரேமை உண்மையாகவே குட்டையாக்கினார். எவ்வளவு தெளிந்த யோசனை! அது பரவலாகாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

மலை சைக்கிளுக்கு வந்தால் எண்கள் மிரட்டும். முன்பு 15, 17, 19 அங்குலம் என்று சீட் டியூபை வைத்துச் சொன்னார்கள். இப்போது எம் அளவிலேயே ரீச் 450 என்று போட்டிருக்கும். சாலை சைக்கிளில் 384க்கே கை மரத்த நான் 450ஐப் பார்த்துப் பயந்துவிட்டேன். ஆனால் ஸ்டெம்மையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலை சைக்கிளில் 45 மி.மீ. ஸ்டெம் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 495. சாலை சைக்கிளில் 100 மி.மீ. ஸ்டெம்முடன் 484. கிட்டத்தட்ட ஒன்றுதான். சாலை சைக்கிளில் அதற்கும் முன்னால், வளைந்த ஹேண்டிலில் பிரேக் பிடியின் ரப்பர் உறை மேல் கை போகிறது. எதிரும் புதிருமாகத் தெரியும் எண்கள் கை வைக்கும் இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஸ்பெஷலைஸ்டு தன் மலை சைக்கிள்களுக்கு எஸ்1 முதல் எஸ்6 வரை என்று வைத்து, காலின் நீளத்தை விட்டுவிட்டு ரீச்சைப் பார்த்து எடு என்கிறது. எனக்குப் பிடித்த நேர்மையான முறை அது.

இதே காரணத்தால்தான், சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த, நேர் ஹேண்டில் போட்ட ஹைபிரிட்டுக்கு வளைந்த ஹேண்டில் மாற்றுபவர்கள் கஷ்டப்படுகிறார்கள். ஹைபிரிட் பிரேம் ஏற்கெனவே நீளம். பட்டர்வொர்த்தில் ஒரு நண்பர் மாற்றிவிட்டு, ஹேண்டிலைப் பிடிக்கப் படுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றார். மடக்கு சைக்கிளில் 16, 20 என்பது சக்கரத்தின் அளவு, பிரேம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பிராம்ப்டனில் ஒரே பிரேமுக்குத் தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று ஹேண்டில் மாறும். கை எட்டும் தூரத்தை அங்கே பெரும்பாலும் அப்படித்தான் மாற்ற வேண்டும்.

சக்கரம் என்றதும் அப்பாவின் ராலி சைக்கிள் ஞாபகம் வருகிறது. தெற்கு கெடாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் பழையதாக வாங்கியது. கிராணி நல்ல உயரம். பிரேம் 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. 28 அங்குலச் சக்கரம். (அந்த 28இன் ரிம் 635 மி.மீ.; இன்றைய மலை சைக்கிளின் 29இன் ரிம் 622தான். 29ஐவிட 28 பெரிது!) அப்பா என்னைவிடக் குள்ளம். பால் வாளியை மாட்டிக்கொண்டு அதில் போவார். சீட்டை அடியோடு இறக்கியும் கால் முழுதாக எட்டாது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறங்கும். அந்தச் சீட்டின் தோல் இரண்டு ஓரமும் தேய்ந்து பளபளவென்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் சின்ன வயதில் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டியதும் அந்தச் சைக்கிளில்தான்.

போன மாதம் அப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். வெறுங்காலோடு நின்று, ஒரு தடித்த புத்தகத்தை இரண்டு காலுக்கும் நடுவே, சீட் அழுத்துகிற மாதிரி நன்றாக மேலே அழுத்தி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். மூன்று முறை அளப்பது நல்லது. அப்பாவுக்கு 77 செ.மீ. அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்டும் அவருடைய பயிற்சியாளர் சிரில் கிமாரும் பரப்பிய பழைய கணக்கு ஒன்று உண்டு: கால் நீளத்தை 0.65ஆல் பெருக்கினால், நேரான பார் உள்ள சாலை சைக்கிளின் பிரேம் அளவு, 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் உச்சி வரை உயரம். முதல் கணக்குப்படி அப்பாவுக்கு 50. அவர் இருபது வருடம் ஓட்டியது 61.

"பதினொரு சென்டிமீட்டர் பெருசுப்பா அது உங்களுக்கு" என்றேன்.

"அங்க வித்தது அது ஒண்ணுதானேப்பா" என்றார்.

இன்று நமக்கு வசதி இருக்கிறது. கடையில் நிற்கும் சைக்கிளுக்கு அளவுத் தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டேப் போதும். பின்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து பெடல் அச்சின் நடு வரை ஒரு அளவு, ஹெட் டியூப் உச்சியின் நடு வரை ஒரு அளவு, கழித்தால் ரீச். தரையிலிருந்து அதே இரண்டு இடங்களின் உயரத்தை எடுத்துக் கழித்தால் ஸ்டேக். இதைக் கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையான அஞ்சடியில் மட்டும் செய்யாதீர்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை சரிந்திருக்கும். நான் முதலில் அங்கேதான் அளந்து, வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தபோது ரீச் 9 மி.மீ. மாறியிருந்தது.

அக்காவின் நீலச் சைக்கிளையும் அப்படி அளந்தேன். ஸ்டேக் 575, ரீச் 395, ஸ்டெம் 100. எஸ் என்று எழுதியிருந்த அந்தச் சைக்கிள் எனக்கே நீளம். அவள் கால் 70 செ.மீ., சீட் உயரம் 62க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு சனிக்கிழமை ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் கடை கடையாக டேப்போடு அலைந்தோம். முதலில் அவளுக்குக் கூச்சம். மூன்றாவது கடைக்குப் பிறகு டேப்பின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது கடையில் ஒன்று கிடைத்தது. ஸ்டேக் 545, ரீச் 365, ஸ்டெம் 80. ஸ்டேக் வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்தால் கை எட்ட வேண்டிய தூரம் ஏறக்குறைய 6 செ.மீ. குறைவு. நேர் ஹேண்டில் 62 செ.மீ. அகலம் இருந்தது, கடை முதலாளி தவுக்கேயிடம் சொல்லி இரண்டு பக்கமும் 3 செ.மீ. அறுத்தோம். பிரேக் லீவரில் இருக்கும் சின்னத் திருகைத் திருகி விரலுக்குப் பக்கமாகக் கொண்டுவந்தோம். இந்தத் திருகு பெரும்பாலான லீவரில் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

போன ஞாயிறு பாலிக் புலாவ் வயல்வெளியில் 32 கிலோமீட்டர் ஓட்டினாள். நிறுத்திய இடத்தில் எல்லாம் நான் தோளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது முறை, "ஒண்ணும் இல்ல, வாயேன்!" என்று முன்னால் போய்விட்டாள். ஒரே ஒரு குறை மட்டும் சொன்னாள். சீட் டியூபில் 'எக்ஸ்எஸ்' என்று ஒட்டியிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை, "நான் என்ன அவ்வளவு சின்னப் புள்ளயா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கி அந்த ஸ்டிக்கரை உரித்து எடுத்துவிட்டேன்.